பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வாவுக்கு என்ன பரிசு கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குப் போனதும் தமிழ் வீடுகளுக்கும் தடித்த உறையில் அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும். கூடப் படிக்கும் யூதப் பிள்ளைகளின் பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வா அழைப்பு. அழைப்பு வந்த மறுநாளே என்னிடம் கேள்வியும் வரும்: என்ன வாங்குவது, எவ்வளவு வைப்பது, எது செய்தால் தப்பாகிவிடும்? யூத நண்பர்களிடமும் அக்கம்பக்கத்துத் தாய்மார்களிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. யூதர்களிடையே ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்று பிரிவுகள் உண்டு. ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் விதிகளைக் கறாராகப் பின்பற்றுவார்கள், ரிஃபார்ம் குடும்பங்கள் பலவற்றைத் தளர்த்தியிருப்பார்கள், கன்சர்வேட்டிவ் இரண்டுக்கும் நடுவில். கீழே உள்ள பல பதில்கள் இதைப் பொறுத்து மாறும். அழைப்பிதழில் இருக்கும் சினகாக்கின், அதாவது யூத வழிபாட்டுக் கூடத்தின், பெயரை இணையத்தில் தேடினாலே எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும்.

பார் மிட்ஸ்வான்னா என்ன? பெரிய பிறந்தநாள் பார்ட்டி மாதிரிதானே?

இல்லை. யூதப் பையனுக்கு 13 வயது ஆகும்போது மதக் கட்டளைகளுக்கு அவனே பொறுப்பாளி ஆகிறான். அதுவரை அவன் செய்வதற்கெல்லாம் பெற்றோர் பொறுப்பு. விழாவே நடக்காவிட்டாலும் அந்த வயது வந்ததும் பொறுப்பு வந்துவிடும். விழா என்பது அதை ஊரறியச் செய்வது.

அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் பரிசைப் பற்றி யோசிக்க முடியும். சினகாக்கில் எல்லோர் முன்னாலும், யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் சுருளிலிருந்து எபிரேயத்தில் ராகம் போட்டு ஓத வேண்டும். அந்தச் சுருள் தோலில் கையால் எழுதியது. அதில் உயிர்க்குறி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. மெய்யெழுத்துகள் மட்டும் வரிசையாக நிற்கும். எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, எங்கே இழுப்பது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வருடமாவது இதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். பிறகு அந்த வாரத்துப் பகுதியைப் பற்றித் தாங்களே எழுதிய ஓர் உரையும் பேசுகிறார்கள். சாயங்காலம் நடக்கும் டிஜே, நடனம், நாற்காலியோடு தூக்கிக் கொண்டாடுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். நாம் பரிசு கொடுப்பது அந்த ஒரு வருட உழைப்புக்கு.

பொண்ணுக்கு பாத் மிட்ஸ்வான்னு சொல்றாங்களே, அது நம்ம மஞ்சள் நீராட்டு மாதிரியா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். சம்பந்தமே இல்லை. பெண் வயதுக்கு வந்ததைக் குறிக்கும் சடங்கு அல்ல இது. முந்தைய பதிலில் சொன்ன அதே பொறுப்புதான் பெண்ணுக்கும். ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் 12 வயதில், மற்ற பல குடும்பங்களில் 13 வயதில். ஆகவே பட்டுப் பாவாடை, வளையல், குங்குமச்சிமிழ் என்று சீர்த்தட்டு யோசனை வேண்டாம்.

பையன்களின் விழா பல நூற்றாண்டுப் பழக்கம். அமெரிக்காவில் ஒரு பெண் பிள்ளைக்கு சினகாக்கில் முதன்முதலாக நடந்தது 1922 மார்ச் 18-ல்தான். நியூயார்க்கில் ரபி (யூத மதகுரு) மொர்தகாய் கப்லான் தன் மகள் ஜூடித்துக்காக நடத்தினார். இன்றைக்கு ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் சினகாக்குகளில் பையன் ஓதுவது போலவே பெண்ணும் ஓதுகிறாள். அவளுக்கும் அதே மதிப்புள்ள பரிசைக் கொடுங்கள். பையனுக்குப் புத்தகமும் பெண்ணுக்கு அழகுசாதனப் பெட்டியும் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவளும் அதே சுருளைத்தான் படித்திருக்கிறாள்.

பணமா வெச்சா கௌரவக் குறைச்சலா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். பணம்தான் அங்கே மிகச் சாதாரணமான பரிசு. கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைப்பார்கள். பல பிள்ளைகள் வந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்கிறார்கள்.

ஒரு வழக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தொகை 18-ன் மடங்காக இருக்கும். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. உயிர் என்று பொருள்படும் ‘ஹை’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளைக் கூட்டினால் 8-ம் 10-ம் சேர்ந்து 18 வரும். அதனால் 18, 36, 54, 72, 90, 108, 180 என்று வைக்கிறார்கள், நாம் மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து 101, 501 என்று வைப்பது போல. 108 நமக்கும் உகந்த எண். இரண்டு மரபுக்கும் பொருந்துவதால் எனக்கு மிகவும் பிடித்த தொகை அது. 101 டாலர் வைத்தால் தப்பில்லை, ஆனால் அவர்களுக்கு அதில் அர்த்தம் எதுவும் தெரியாது. 90 வைத்தால் தெரியும்.

சரி, எவ்வளவு வைக்கணும்னு நேரா சொல்லுங்க.

எங்கள் பக்கத்தில் நான் பார்ப்பது இது. உங்கள் பிள்ளை மட்டும் வகுப்புத் தோழனாகப் போவதாக இருந்தால் 36 அல்லது 54 டாலர். குடும்பத்தோடு போனால், அல்லது பெற்றோரும் நண்பர்களாக இருந்தால், 72 முதல் 108 வரை. நெருங்கிய உறவு, சித்தப்பா, அத்தை போன்றவர்கள் 180-ம் அதற்கு மேலும். ஊருக்கு ஊர் இது மாறும்.

ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு அவர்களுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு அதற்கு ஈடாக வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தக் குடும்பம், உங்கள் வரவு செலவு உங்களுடையது. அதிலும் ஏழாம் வகுப்பு வருடத்தில் ஒரே பிள்ளைக்கு வரிசையாக அழைப்பு வரும். முதல் விழாவுக்கு 108 வைத்துவிட்டுக் கடைசி விழாவுக்குக் கையைக் கடிப்பதைவிட, எல்லாத் தோழர்களுக்கும் 36 என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்வது நல்லது. பிள்ளைகள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

செக்கா, ரொக்கமா, போன்லயே அனுப்பிடலாமா?

செக் நல்லது. பெற்றோர் பெயரில் எழுதாமல் பிள்ளையின் முழுப் பெயரில் எழுதுங்கள். கடையின் கிஃப்ட் கார்டு என்றால் தொகையை நாமே தட்டச்சு செய்யும் வகையாகப் பார்த்து 36 என்றோ 54 என்றோ போடலாம். போனில் அனுப்புவதாக இருந்தால் ஒரு வாழ்த்து அட்டை தனியாகக் கட்டாயம் போக வேண்டும். வெறும் பணம் வந்து விழுந்தால் யார் அனுப்பினார்கள் என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போகும். சனிக்கிழமையன்று அனுப்பாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

சனிக்கிழமை காலைல சினகாக்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. பரிசைக் கையிலயே எடுத்துட்டுப் போலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு வரை ஷப்பாத் என்னும் ஓய்வு நாள். அன்றைக்குப் பணத்தைத் தொடக் கூடாது, எழுதக் கூடாது, தெருவில் பொருள் சுமந்து போகக் கூடாது என்பவை மரபான விதிகள். நீங்கள் யூதர் இல்லை, உங்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் நீங்கள் நீட்டும் உறையை வாங்க வேண்டியவர்களுக்குப் பொருந்தும். மறுக்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் அந்தத் தாய் வாசலில் நிற்பாள். ரிஃபார்ம் சினகாக்கில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அங்கேயும் வழிபாட்டுக்குள் பரிசுப் பையோடு போவது வழக்கமில்லை.

முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். சனி இரவோ ஞாயிறோ விருந்து இருந்தால் அங்கே ஒரு மேசையோ பெட்டியோ வைத்திருப்பார்கள், அதில் போடலாம். தோரா ஓதுவது திங்கள், வியாழன் காலைகளிலும் உண்டு. சில குடும்பங்கள் அந்த நாட்களில் விழா வைப்பார்கள். அப்போது இந்தச் சிக்கல் இல்லை.

பணம் வேண்டாம், காலத்துக்கும் வெச்சிருக்கிற மாதிரி பொருள் கொடுக்கணும். என்ன வாங்கலாம்?

வீட்டில் வாரந்தோறும் பயன்படும் பொருளைக் கொடுத்தால் அது அலமாரியில் தூங்காது. கித்துஷ் கோப்பை என்பது வெள்ளி இரவு திராட்சரசத்தின் மேல் ஆசி சொல்லப் பிடிக்கும் கிண்ணம். ஷப்பாத்துக்கு ஏற்றும் மெழுகுவர்த்தித் தண்டுகள் இரண்டு, பெண் பிள்ளைக்கு வழிவழியாகக் கொடுப்பது. சனி இரவு ஷப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தலாவுக்கு ஒரு பின்னல் மெழுகுவர்த்தியும் வாசனைப் பொருள் வைக்கும் சிமிழும் வேண்டும். ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகைக்கு ஏற்றும் விளக்கு, ஒன்பது கிளை உள்ளது. தானக் காசு போடும் ஸெதாக்காப் பெட்டி. வேத வரிகளை உள்ளே வைத்துக் கதவு நிலையில் பதிக்கும் மெசூசா வாங்கினால், அந்த உறையும் உள்ளே வைக்கும் தோல் எழுத்தும் தனித்தனியாக விற்கப்படும் என்பதைக் கவனியுங்கள். எழுத்து, பயிற்சி பெற்ற எழுத்தர் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். நாம் உறையை மட்டும் வாங்கிக் கொடுத்து, எழுத்தை அவர்களிடம் விட்டுவிடலாம்.

என் கணக்கில் இவற்றில் முதலிடம் யாத்துக்கு. தோரா சுருளை விரலால் தொடக் கூடாது என்பதால் வரியைச் சுட்டிக்காட்டப் பயன்படும் சின்னக் கோல் அது, நுனியில் ஆள்காட்டி விரல் நீட்டிய ஒரு குட்டிக் கை இருக்கும். வெள்ளியிலும் மரத்திலும் கண்ணாடியிலும் கிடைக்கிறது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்தால் பிள்ளை அதை வைத்தே பயிற்சி செய்து அன்றைக்கும் அதையே பிடித்து ஓதலாம். பெற்றோர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதப் பொருள் வேண்டாம் என்றால் நல்ல ஃபவுண்டன் பேனா. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பார் மிட்ஸ்வா பரிசு என்றாலே பேனாதான். தாத்தாக்கள் இன்னும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள்.

தொழுகைக்குப் போட்டுக்கிற அந்தச் சால்வையை நாங்க வாங்கிக் கொடுக்கலாமா?

தல்லித் என்னும் அந்தச் சால்வையும், வழிபாட்டின்போது கையிலும் தலையிலும் கட்டும் தெஃபில்லின் என்னும் கறுப்புத் தோல் பெட்டிகளும் குடும்பத்துக்குரியவை. பெற்றோரோ தாத்தா பாட்டியோதான் வாங்குவார்கள். தெஃபில்லினுக்குள் கையால் எழுதிய தோல் ஏடுகள் இருப்பதால் விலையும் நூற்றுக்கணக்கான டாலர். தல்லித்தில் கம்பளியும் லினனும் கலந்திருக்கக் கூடாது, நான்கு மூலைக் குஞ்சங்களும் விதிப்படி முடிந்திருக்க வேண்டும். சில ஆர்த்தடாக்ஸ் சமூகங்களில் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆண் தல்லித் அணிவான். இத்தனை இருப்பதால் அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நமக்கு ஏற்றது அதை வைக்கும் பை, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நம்ம ஊர்ப் பொருளா ஏதாவது கொடுக்க ஆசையா இருக்கு. சரியா வருமா?

மிக நன்றாக வரும். நம் கைப்பொருள், அவர்கள் பயன்பாடு என்று இரண்டும் சேரும் இடத்தைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு இருக்கின்றன.

ஒன்று தல்லித் பை. வழக்கமாக வெல்வெட்டில் இருக்கும். பைக்கு மத விதி எதுவும் கிடையாது, எந்தத் துணியிலும் தைக்கலாம். காஞ்சிப் பட்டில் தைத்தால் அது வேறு எந்த வீட்டிலும் இல்லாத பையாக இருக்கும். முந்தானைச் சரிகை முன்பக்கம் வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். உள்ளே பருத்தி லைனிங், மேலே ஜிப். பட்டு தனியாக நின்றால் துவளும், நடுவில் கேன்வாஸ் கொடுத்துத் தைத்தால் விறைப்பாக நிற்கும். அளவை நீங்களாக முடிவு செய்யாமல், தல்லித்தை மடித்து வைத்து நீள அகலம் அளந்து சொல்லும்படி அந்தத் தாயிடம் கேளுங்கள். தல்லித்துகள் பல அளவில் வருகின்றன. கட்டமோ கோபுரக் கரையோ உள்ள புடவையாக எடுங்கள். தெய்வ உருவம் நெய்த புடவை வேண்டாம்.

இன்னொன்று வெள்ளி டம்ளர். கித்துஷ் கோப்பைக்குக் காலும் தண்டும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உடைசலோ ஓட்டையோ இல்லாமல், தேவையான அளவு கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குறைந்த அளவு 86 மில்லி என்று ஒரு கணக்கு, 150 என்று இன்னொரு கணக்கு. 150 மில்லிக்கு மேல் பிடிக்கும் நம் வெள்ளி டம்ளர் இரண்டுக்கும் போதும். பிள்ளையின் எபிரேயப் பெயரைப் பொறிக்க விரும்பினால் பெற்றோரிடம் எழுத்தைப் படமாக வாங்கி அப்படியே பொறிக்கச் சொல்லுங்கள். எபிரேயம் வலமிருந்து இடம் போகும். தி. நகர்க் கடையில் வாயால் சொல்லிக் கொடுத்தால் எழுத்துகள் திரும்பிப் போய்விடும். ஆர்த்தடாக்ஸ் குடும்பமாக இருந்தால், பிறரிடமிருந்து வந்த புது உலோகப் பாத்திரத்தைச் சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகே புழங்குவார்கள். அதைத் தீட்டு என்று எடுத்துக்கொண்டு மனம் வருந்தாதீர்கள், யூதர் அல்லாதவர் கடையில் அவர்களே வாங்கினாலும் அதைத்தான் செய்வார்கள்.

வெள்ளிப் பிள்ளையார், குத்துவிளக்கு? யாருக்குக் கொடுத்தாலும் அதுதானே ராசி?

பிள்ளையார் வேண்டாம். உருவ வழிபாட்டைத் தவிர்ப்பது யூத மதத்தின் அடிப்படை. பத்துக் கட்டளைகளிலேயே இருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை இந்தக் கட்டளைகளை ஏற்றுக்கொள்கிறது. லட்சுமி பொறித்த காசு, கஜலட்சுமி விளக்கு, நடராஜர், தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணர் எல்லாம் இதில் அடங்கும். ரிஃபார்ம் வீட்டில் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், ஆனாலும் விழா அதற்கான இடமில்லை.

விளக்கு என்றால் உருவமில்லாத பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு ஒரு ஜோடி எடுக்கலாம். வெள்ளி இரவு ஏற்ற உதவும்.

வீட்ல முறுக்கும் மைசூர்பாகும் செஞ்சு எடுத்துட்டுப் போறேன், அது போதும்தானே?

அவர்கள் கோஷர் என்னும் யூத உணவு விதிகளைப் பார்க்கும் குடும்பமா என்பதைப் பொறுத்தது. கோஷர் என்பது பொருளில் மட்டும் இல்லை, சமைத்த பாத்திரத்திலும் அடுப்பிலும் இருக்கிறது. நாம் சுத்த சைவம், நெய்யில் செய்தது என்பதெல்லாம் நம் சமையலறையைக் கோஷர் ஆக்காது. கோஷர் பார்ப்பவர்கள் வாங்கி வைத்துவிட்டு, பிறகு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் வாங்குவதானால் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வட்டத்துக்குள் யூ என்ற ஆங்கில எழுத்து அவற்றில் ஒன்று. முத்திரை இல்லாத மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கக்கூடும். முழுப் பழக்கூடை எந்த வீட்டுக்கும் சரி, வெட்டாத பழமாக இருக்க வேண்டும். புளித்த மாவை யூதர்கள் தவிர்க்கும் பஸ்கா பண்டிகை வாரத்தை ஒட்டி விழா வந்தால் மாவுப் பண்டம் எதுவும் வேண்டாம். கோஷர் பார்க்காத வீடு என்று உறுதியாகத் தெரிந்தால் முறுக்கைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பரிசுக்குப் பதிலாக வேண்டாம், பரிசோடு.

நட்சத்திர டாலர் வெச்ச செயின் போடலாமா?

பெண் பிள்ளைகள் விரும்பி அணிகிறார்கள். ஆறுமுனை தாவீது நட்சத்திரம், ‘ஹை’ எழுத்து, கண்ணேறு கழிக்கும் ஹம்ஸா என்னும் கை ஆகிய மூன்றும் பரவலாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். நட்சத்திரத்தை வெளியே தெரிய அணிவதா வேண்டாமா என்பது இன்றைக்குப் பல யூத வீடுகளில் பேசப்படும் விஷயம். பள்ளியிலும் ரயிலிலும் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம் உண்மையானது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தயக்கம் தெரிந்தால் ‘ஹை’ எழுத்துள்ள சின்ன டாலர் நல்ல மாற்று. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது புரியும்.

புத்தகம்?

நல்ல யோசனை, ஆனால் பைபிள் வாங்கப் போய்ப் புதிய ஏற்பாடு சேர்ந்ததை எடுத்துவிடாதீர்கள். அது கிறிஸ்தவர்களுடையது. யூத வேதம் தனாக் எனப்படும், யூதக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சினகாக்கே அதைப் பிள்ளைக்குப் பரிசளிக்கும் என்பதால் நாம் வேறொன்று யோசிப்பது நல்லது.

இந்திய யூதர்களைப் பற்றிய படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக் 1568-ல் கட்டப்பட்டது. தரை முழுக்கக் கையால் வரைந்த சீன ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் மக்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் இவர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்த கதை நியூ ஜெர்சிப் பிள்ளைகள் பலருக்குப் புதிது. நம்மிடமிருந்து போகும்போது அதற்கு ஒரு பொருத்தமும் இருக்கிறது.

அழைப்பிதழ்ல “பரிசு வேண்டாம், தானம் செய்யுங்கள்”னு போட்டிருக்கு. சும்மா ஒப்புக்குச் சொல்றாங்களா?

மனதாரச் சொல்கிறார்கள், அப்படியே செய்யுங்கள். ஸெதாக்கா என்னும் தானம் யூத மரபில் விருப்பமல்ல, கடமை. 12-ஆம் நூற்றாண்டின் அறிஞர் மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். வாங்குபவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி வேலையோ கடனோ கூட்டுத் தொழிலோ கொடுத்து நிறுத்துவது அதில் உச்சிப் படி. 1985-ல் தொடங்கிய மசோன் என்னும் யூத அமைப்பு, விழாச் செலவில் நூற்றுக்கு மூன்றைப் பசித்தவர்களுக்குக் கொடுங்கள் என்று குடும்பங்களைக் கேட்டது.

பிள்ளை தானே ஒரு சேவைத் திட்டம் எடுத்திருந்தால் அதற்குக் கொடுப்பதே முதல் தேர்வு. இல்லையென்றால் அன்றைக்கு ஓதும் பகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வருடம் முழுக்க ஓதுகிறார்கள். நோவாவின் பேழை வரும் வாரம் என்றால் விலங்குகள் காப்பகத்துக்கு, ஆபிரகாம் மூன்று விருந்தினருக்கு ஓடி ஓடி உணவு பரிமாறிய பகுதி என்றால் உணவு வங்கிக்கு. இன்ன பகுதியை ஓதினாய் என்பதால் இங்கே கொடுத்தோம் என்று அட்டையில் எழுதுங்கள். தொகை 18-ன் மடங்கிலேயே இருக்கட்டும். ரசீதை அட்டைக்குள் வைக்காதீர்கள், எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கார்டுல என்ன எழுதறதுன்னே தெரியல.

மஸல் தோவ் என்று தொடங்கலாம், வாழ்த்துகள் என்று அர்த்தம். அதோடு நிறுத்தாமல் இரண்டு வரி சேருங்கள். சினகாக்குக்குப் போனீர்கள் என்றால், பிள்ளை பேசிய உரையிலிருந்து ஒன்றைக் குறிப்பிட்டு எழுதிப் பிறகு அனுப்பலாம். “நோவா ஏன் அயலாரைக் காப்பாற்ற வாதாடவில்லை என்று நீ கேட்டது வீட்டுக்கு வந்தும் எங்களை விடவில்லை” என்பது போல. கேட்டுக்கொண்டு இருந்தார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். உங்கள் மகனோ மகளோ தமிழில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அழகு.

ரெட்டைப் பிள்ளைங்க. ஒரே பரிசு போதுமா?

இரண்டு உறை, இரண்டு அட்டை, சமமான தொகை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக ஓதுகிறார்கள். 72 வைப்பதாக இருந்தவர் 36, 36 என்று பிரித்தாலும் சரிதான்.

எங்களால போக முடியல. அப்பவும் கொடுக்கணுமா?

கட்டாயமில்லை. நெருக்கம் என்றால் அட்டையோடு 18 அல்லது 36 அனுப்பலாம். விழா முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும் அனுப்பலாம்.

என்கூட வேலை பார்க்கிறவங்களுக்கு அம்பது வயசு. இப்ப பாத் மிட்ஸ்வா பண்ணிக்கப் போறாங்களாம். இது எப்படி?

சிறுவயதில் பெண்களுக்கு வாய்ப்பில்லாத சினகாக்கில் வளர்ந்தவர்கள், நடுவில் மதம் மாறி வந்தவர்கள், சோவியத் நாட்டில் வளர்ந்ததால் எதுவும் கற்க முடியாதவர்கள் எனப் பலர் பெரியவர்களான பிறகு எபிரேயம் கற்று ஓதுகிறார்கள். 83 வயதில் இரண்டாவது பார் மிட்ஸ்வாவும் உண்டு. மனித ஆயுள் 70 என்று யூத வேதத்தின் சங்கீத நூல் சொல்வதால், அதற்கு மேல் 13 வருடம் ஆனால் மறுபடி ஒன்று. நடிகர் கிர்க் டக்ளஸ் 1999-ல் அப்படிக் கொண்டாடினார். இவர்களுக்குப் பணம் பொருந்தாது. யாத், அல்லது அவர் பெயரில் ஒரு தானம், அல்லது மேலே சொன்ன பட்டுப் பை. அந்தப் பை இவர்களுக்குத்தான் மிகவும் பிடிக்கிறது.

என் தங்கச்சி யூதரைக் கல்யாணம் பண்ணியிருக்கா. மருமகனுக்கு பார் மிட்ஸ்வா. தாய்மாமன் நான், சீர் செய்யலாமா?

செய்யுங்கள். அவன் இரண்டு குடும்பத்துக்கும் பிள்ளை. மோதிரம் போட விரும்பினால் வியாழக்கிழமை வீட்டு விருந்திலோ, சனி இரவு ஷப்பாத் முடிந்த பிறகோ, ஞாயிறோ போடுங்கள். சினகாக்கில் வேண்டாம். தட்டு வைப்பதானால் பழம், தேங்காய், பூ, துணி. விபூதி, குங்குமம், கற்பூரம் வைப்பதா என்பதைத் தங்கையும் மாப்பிள்ளையும் சொல்லட்டும். எந்த மரபில் பிள்ளையை வளர்ப்பது என்று அவர்கள் பேசி முடிவெடுத்த பிறகுதான் இந்த விழாவே நடக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் விருந்தில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: “அம்மா யூதர் இல்லையே, பையன் எப்படி யூதன்?” ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் தாய்வழிதான் கணக்கு, மதமாற்றச் சடங்கு தேவைப்படும். அமெரிக்க ரிஃபார்ம் ரபிகள் 1983-ல், யூதராகவே வளர்க்கப்படும் பிள்ளைக்குத் தந்தைவழியும் போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் மருமகன் விஷயத்தில் எது பொருந்துமோ அதை அந்த சினகாக் ஏற்கெனவே தீர்த்துவிட்டது.

பாட்டியின் பங்கும் இருக்கட்டும். உங்கள் அம்மாவின் பழைய கூறைப்புடவையில் தல்லித் பை தைப்பது நான் பார்த்த பரிசுகளிலேயே சிறந்தது. சரிகை மங்கியிருந்தாலும் அதையே எடுங்கள். பல ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் சினகாக்குகளில் வழிபாடு தொடங்கும்போது தாத்தா பாட்டிமார் பிள்ளைக்குத் தல்லித்தைப் போர்த்திவிடுவார்கள். யூதர் அல்லாத பாட்டி எதில் கலந்துகொள்ளலாம் என்பது ஒவ்வொரு சினகாக்கிலும் வேறு. போர்த்தும்போது கூட நிற்கலாமா, பையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று ரபியிடம் சில வாரங்களுக்கு முன்பே தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால் பையை முன்பே சினகாக்கில் சேர்த்துவிடலாம், அம்மா சனிக்கிழமை காலை வெறுங்கையோடு வந்தால் போதும்.